ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களின் உடலில் சேரும் இரும்பை எம்ஆர்ஐ எப்படி அளக்கிறது?

தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) போன்ற நோய்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றும்போது, ஒவ்வொரு பையோடும் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் உள்ளே போகிறது. உடல் ஒரு நாளில் இழப்பதோ 1-2 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் கல்லீரல், இதயம், சுரப்பிகளில் தங்கிவிடும். இதுதான் இரும்பு மிகைச்சுமை.

எம்ஆர்ஐ இரும்பை நேராக எடைபோடுவதில்லை. உடலிலுள்ள நீரிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்க்கிறது. அடித்த வெண்கல மணியை விரலால் தொட்டால் ஓசை சட்டென்று நின்றுவிடுமே, இரும்பு அந்த விரல் மாதிரி. அடங்கும் நேரத்துக்கு 'டி2 ஸ்டார்' என்று பெயர். இதயத்தில் அது 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் இரும்பு சேர்ந்திருக்கிறது. 10-க்கும் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம்.

உடலில் சேமித்திருக்கும் இரும்பின் அளவைக் காட்ட ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் புரதம் ஃபெரிட்டின். "ஃபெரிட்டின் குறைவுதானே, ஸ்கேன் எதற்கு?" என்று பலர் கேட்பார்கள். ஃபெரிட்டின் வெறும் காய்ச்சலிலும் ஏறும். அப்புறம், அது குறைவாக இருந்தும் இதயத்தில் இரும்பு இருக்கலாம்.