தலைமேல் விழும் ஷெல்லின் (எறிகணையின்) விசில் சத்தம் முன்கூட்டியே கேட்குமா?

நாவல் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். விசிலைக் கேட்டதும் நாயகன் பாய்ந்து தப்ப வேண்டும், அப்படித்தானே? நான் ஆயுதம் தூக்கியவன் அல்லன், பங்கருக்குள் இருந்து கேட்டவன். இராணுவத்தில் இருந்தவர்கள் ரகம், அளவு சொல்லித் திருத்த வரவேண்டாம். எந்தப் பக்கத்து ஆள் என்றும் துருவ வேண்டாம்.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்தபோது எங்கள் வீடு நகருக்குள் இருந்தது. கோட்டைக்குள்ளிருந்து மோட்டார் (ஷெல்லை உயர எறியும் குழாய்) ஏவினால் ‘டும்’ என்று அமுங்கிய சத்தம் கேட்கும். “குத்திவிட்டான்!” என்று அப்பா கத்துவார். ஷெல் உயரப் போய் வளைந்து இறங்க 20 விநாடி போலக் கிடைக்கும். உங்கள் நாயகனைக் காப்பாற்றுவது இந்த ‘டும்’தான். கூவிக்கொண்டு தலையைத் தாண்டிப் போவது அடுத்த ஒழுங்கைக்கு. நமக்கென்று வருவது கடைசி நொடியில் துணி கிழிவதுபோல் ‘சர்’ரென்று கேட்கும், சில வேளை அதுவும் கேட்காது. வெடித்த பிறகு ஷெல் துண்டுகள் ஓட்டுக் கூரையில் கலகலவென்று கொட்டும்.

அம்மம்மாவுக்குக் காது மந்தம். பங்கரின் மண் சுவரில் உள்ளங்கையை ஊன்றியபடி, “இது கிட்ட”, “இது தூர” என்பார். பனங்குற்றிகளின் இடுக்கால் மண் தலையில் உதிர்ந்தாலும் கையை எடுக்க மாட்டார். எங்கள் காதுகளைவிட அந்தக் கை நம்பகமானது.

துப்பாக்கிச் சன்னம் வேறு விதம். அது ஒலியை முந்தி வருவதால் முதலில் காதருகே ‘படீர்’, பிறகுதான் சுட்ட இடத்திலிருந்து ‘டப்’. இடைவெளி கூடினால் சுடுபவன் தூரத்தில் இருக்கிறான். விமானத்திலும் இரண்டு விதம். சகடை என்று நாங்கள் சொல்லும் குண்டு போடும் விமானம் உறுமிக்கொண்டு மெதுவாக வரும். அடுப்பை அணைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்கலாம். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது கிபிர் என்ற ஜெட் விமானம் வந்தது. விமானப்படை அதை 1996இல் வாங்கியது. இரைச்சல் காதில் விழும்போது அது தலைக்கு மேல் நிற்கும்.

கோட்டைச் சண்டையில் தப்பிய வீடு பின்னர் ஷெல் விழுந்து எரிந்தது. காணி உறுதியும் (நிலப் பத்திரமும்) அதோடு போயிற்று. பிரதி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால், மூல உறுதியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எரிந்துவிட்டது என்றேன். எரிந்ததற்குக் கடிதம் வேண்டுமாம். அந்தக் கடிதத்தைத் தரவேண்டியவரோ முதலில் உறுதியைக் காட்டு என்கிறார். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். இதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.