கேள்வி-பதில்: ரவுட்டரில் டேட்டா கணக்கு, லாக் சேமிப்பு

கேள்வி: எங்கள் பிராட்பேண்ட் திட்டத்தில் மாதம் 3,300 ஜிபி. 20ஆம் தேதியே வேகம் விழுந்துவிடுகிறது. எந்தக் கருவி இவ்வளவு இழுக்கிறது என்று ரவுட்டரிலேயே பார்க்க முடியுமா? கம்பெனி தந்த பெட்டியோடு டிபி-லிங்கின் ஆர்ச்சர் சி6 ரவுட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். (மதுரை வாசகர்)

பதில்: கம்பெனி பெட்டியில் பெரும்பாலும் முடியாது. அதில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும், கருவிவாரியாக மாதக் கணக்கு வராது. ஆர்ச்சரில் அதன் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றினால் கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் அடிப்பக்க ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். ஒரே சி6 பெயரில் வி2 குவால்காம் சிப், வி3 மீடியாடெக் சிப். உங்கள் பதிப்புக்கென்று வெளியிட்ட கோப்பைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் பெட்டி செங்கல்தான், வேலை செய்யாது. வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

கணக்கு வைக்கும் மென்பொருளின் பெயர் என்எல்பிடபிள்யூமான் (nlbwmon). 'சிஸ்டம் → சாஃப்ட்வேர்' பக்கத்தில் முதலில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, இதன் லூசி தொகுப்பை (பிரவுசரில் பார்க்க உதவுவது, luci-app-nlbwmon) தேடி நிறுவுங்கள். அமைப்புப் பக்கத்தில் மாதம் தொடங்கும் நாளாக உங்கள் பில் தேதியைப் போடுங்கள், லோக்கல் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் லேன் (வீட்டு நெட்வொர்க்) டிக் ஆகியிருக்க வேண்டும். அடுத்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. கணக்குக் கோப்பு வழக்கமாக ரேமில்தான் இருக்கும். கரண்ட் போனால் மாதம் முழுக்கச் சேர்ந்த கணக்கும் போய்விடும். யூஎஸ்பி உள்ள ரவுட்டர் என்றால் இஎக்ஸ்டி4 (லினக்ஸ் கோப்பு முறை) வகையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவுக்கு அந்த அடைவை மாற்றி, எழுதும் இடைவெளியை 10 நிமிடம் என்று வையுங்கள். சி6-ல் யூஎஸ்பி கிடையாது. அதனால் ரவுட்டரின் நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் ஓர் அடைவைக் கொடுத்து, இடைவெளியை 24 மணி நேரமாகவே விடுங்கள். நாளுக்கு ஒருமுறை எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துவிடாது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் தேயும். திடீரென்று கரண்ட் போனால் அதிகபட்சம் ஒரு நாள் கணக்குதான் நட்டம்.

எதைத் தேடுவது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறோம். நெட்ஃபிளிக்ஸை 4கே தரத்தில் பார்த்தால் மணிக்கு 7 ஜிபி வரை போகும். 3,300 ஜிபியைத் தீர்க்க 470 மணி நேரம் பார்க்க வேண்டும். ஆனால் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவும் பகலும் கிளவுடுக்கு அனுப்பும் ஒரே ஒரு சிசிடிவி கேமரா 30 நாளில் 648 ஜிபி. நான்கு கேமரா என்றால் சுமார் 2,600 ஜிபி. அப்லோடும் சேர்த்துத்தான் கணக்கு. ஆகவே பட்டியலில் டவுன்லோடு நெடுவரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: ரவுட்டர் 1,900 ஜிபி என்கிறது, கம்பெனி ஆப் 2,600 என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இவ்வளவு வித்தியாசம் வந்தால் முதலில் கம்பெனி பெட்டியின் வைஃபையைப் பாருங்கள். அது இன்னும் அணைக்கப்படாமல், டிவியோ கேமராவோ அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் ரவுட்டர் வழியாகப் போகாத டேட்டாவை அது எண்ண முடியாது. ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் (வைஃபை மட்டும் தரும் முறையில்) வைத்தாலும் இதே கதை.

அது சரியாக இருந்தால் ஃபயர்வால் பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் (டேட்டாவை வேகமாகக் கடத்தும் வசதி) என்பதைப் பாருங்கள். ஹார்டுவேர் ஆஃப்லோடிங் போட்டிருந்தால் டேட்டா சிப்புக்குள்ளேயே குறுக்கு வழியில் போய்விடும், எண்ணும் மென்பொருளுக்கு முழுதாகத் தெரியாது. 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள்.

7 சதவீத அளவு வித்தியாசம் மட்டும் என்றால் குற்றம் யார் மீதும் இல்லை. ஒருவர் ஜிபியை 1,000-ஆலும் மற்றவர் 1,024-ஆலும் பெருக்கியிருப்பார். 3,300 என்பது இரண்டாவது முறையில் 3,073.

ஒரே ஃபோன் பட்டியலில் மூன்று பெயரில் வந்தால், அது வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகிறது என்று அர்த்தம். வீட்டு வைஃபைக்கு மட்டும் ஐஃபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை ஃபிக்ஸ்டு அல்லது ஆஃப் ஆக வையுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க்கின் பிரைவசி பகுதியில் 'டிவைஸ் மேக்' தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: தினமும் இரவில் நெட் போய் வருகிறது. கஸ்டமர் கேரில் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது சார்' என்கிறார்கள். ரவுட்டர் லாகை (நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவை) எடுத்துக் காட்டலாம் என்றால், ரீஸ்டார்ட் செய்ததும் அழிந்துவிடுகிறது.

பதில்: லாகும் ரேமில்தான் இருக்கிறது, அதுவும் சிறு அளவில். நிரம்பியதும் பழையது தானாக அழியும். பெட்டிக்கு வெளியே அனுப்புவதுதான் வழி. எப்போதும் ஓடும் ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கணினி) போதும். லேப்டாப் சரிப்படாது, அது தூங்கும்போது யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வந்த வரி வந்ததாகவே தெரியாது, ரவுட்டர் மறுபடி அனுப்பாது.

ராஸ்பெர்ரி பைக்கு ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் (கருவிகளுக்கு முகவரி தரும் பகுதி) நிலையான முகவரி கொடுங்கள், 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். அதில் லாகை வாங்கிச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் (rsyslog) மென்பொருளை நிறுவுங்கள். பையின் இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் பதிப்பு 12 முதல் அது தானாக வருவதில்லை. அதன் அமைப்புக் கோப்பில் யூடிபி தொடர்பான இரண்டு வரிகள் # குறியோடு கிடக்கும். இரண்டின் # குறியையும் நீக்கி, சேவையை மறுபடி தொடங்குங்கள். பிறகு ரவுட்டரில் 'சிஸ்டம் → சிஸ்டம் → லாகிங்' பக்கத்தில் வெளி லாக் சர்வராக அந்த முகவரி, போர்ட் 514, யூடிபி. பழைய லாகை அழிக்கும் லாக்ரொடேட் (logrotate) வழக்கமாக நான்கு வாரம்தான் வைத்திருக்கும், அதை 26 ஆக்குங்கள். நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் பிசகிய லாகை யாரிடமும் காட்ட முடியாது. 514-ஐ இணையப் பக்கம் திறந்துவிடாதீர்கள்.

இனி லாகைப் படிப்பது. இணைப்பு பிபிபிஓஇ வகை (ரவுட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு போடும் முறை) என்றால் மூன்று விதமான வரிகள் வரும். வேன் (WAN) போர்ட்டில், அதாவது கம்பெனி பெட்டியிலிருந்து கேபிள் வந்து சேரும் இடத்தில், 'லிங்க் டவுன்' என்றால் கேபிளோ, கம்பெனி பெட்டிக்குக் கரண்டோ போயிருக்கிறது. அது உங்கள் வீட்டுக்குள் உள்ள கோளாறு. லிங்க் இருந்தும் 'நோ ரெஸ்பான்ஸ் டு 5 எக்கோ-ரிக்வெஸ்ட்ஸ்' (ஐந்து முறை கேட்டும் மறுமுனையிலிருந்து பதில் இல்லை) என்று வந்தால் கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு அப்பால். அதே நேரம் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை என்று காட்டும்) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர்தான், ஒரு ஃபோட்டோ எடுத்துவையுங்கள். 'ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்றால் பாஸ்வேர்டு அல்லது ரீசார்ஜ் பிரச்சினை. இரண்டாவது வகை வரிகளைத் தேதி, நேரத்தோடு எடுத்து, புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே எண்ணைக் காட்டி அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரென்றால் மினி யூபிஎஸ் அவசியம். ரவுட்டர், கம்பெனி பெட்டி, பை மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அடாப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட், பை 5 வோல்ட்.

கேள்வி: பையன் எந்தெந்த சைட் பார்த்தான் என்று இந்த லாகில் தெரியுமா?

பதில்: தெரியாது. அவன் ஃபோன் எப்போது வைஃபையில் இணைந்தது என்பது தெரியும், அவ்வளவுதான்.

கேள்வி: 'சிஸ்டம் பேக்கப்' எடுத்து வைத்திருக்கிறேன். கணக்கும் லாகும் அதிலேயே வந்துவிடும்தானே?

பதில்: வராது. அதில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, ஃபயர்வால் போன்ற அமைப்புகள் மட்டும். டேட்டா கணக்குக்கு என்எல்பிடபிள்யூமானிலேயே தனி பேக்கப் பக்கம் இருக்கிறது. பில் தேதிக்கு மறுநாள் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். எக்செலில் பார்க்க சிஎஸ்வி ஏற்றுமதியும் உண்டு. ரவுட்டர் மென்பொருளை அப்டேட் செய்வதற்கு முன் சிஸ்டம் பேக்கப், கணக்கு பேக்கப் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டின்போது அமைப்புகள் தங்கினாலும், நீங்கள் நிறுவிய தொகுப்புகளும் கணக்குக் கோப்பும் தங்குமென்று எதிர்பார்க்க முடியாது.