பேரனோட பாரிஸ் பார்க்

கேள்வி: பாரிஸ்ல இருக்க மக வீட்டுக்குப் போறோம், பேரனுக்கு 5 வயசு, எனக்கு முட்டி வலி வேற. பழைய காலத்து பார்க் ஏதாவது இருக்கா? - வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருக்கும்மா, ழார்தான் தக்ளிமத்தாசியோன்! 1860ல பிரான்ஸ் சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியன் தொறந்து வெச்சது. 1877லேர்ந்து பல வருஷம் வேற நாட்டு மக்களையே அங்க காட்சிப்பொருளா நிறுத்தி வெச்சிருந்தாங்க, நினைச்சாலே மனசு வலிக்குது, மக கிட்ட அதையும் சொல்லுங்க. இப்போ அது குழந்தைங்க பார்க். போர்த் மையோ மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து ஒரு குட்டி ரயில் உள்ள போகும், 1878லேர்ந்து ஓடுது, நம்ம பொட்டானிக்கல் கார்டன் ரயில் மாதிரிதான், முட்டிக்கும் நடை மிச்சம். அப்புறம் 1927லேர்ந்து இருக்க படகு சவாரி, துடுப்பே வேணாம், தண்ணி ஓட்டமே இழுத்துட்டுப் போயிடும், பேரன மடியில வெச்சுக்கிட்டு அதுல கண்டிப்பா போயிட்டு வாங்க.