மூச்சுத்திணறல் வந்தவருக்கு ஆக்சிஜனை ஏன் குறைத்தார்கள்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பல வருடங்களாக சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. போன வாரம் இரவில் மூச்சுத்திணறல் அதிகமாகி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 84 காட்டியது. வீட்டில் இருந்த சிலிண்டரை நிமிடத்துக்கு 8 லிட்டரில் திறந்துவிட்டேன். 98க்கு ஏறியது, அவரும் அசந்து தூங்கிவிட்டார். எழுப்பினால் சரியாகப் பேசவில்லை. எமர்ஜென்சியில் முதல் வேலையாக ஆக்சிஜனைக் குறைத்தார்கள்; மணிக்கட்டில் ரத்தம் எடுத்து, முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க் மாட்டினார்கள். மூச்சுவிடத் திணறுபவருக்கு ஆக்சிஜனைக் குறைக்கலாமா?

பதில்: உங்கள் அப்பா விஷயத்தில் அவர்கள் செய்தது சரி. நீங்கள் ஆக்சிஜன் கொடுத்ததும் சரிதான், அளவுதான் அதிகம்.

நுரையீரலுக்கு இரண்டு வேலை: ஆக்சிஜனை உள்ளே எடுப்பது, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவது. ஆக்ஸிமீட்டருக்கு முதல் வேலை மட்டுமே தெரியும். 98 காட்டிக்கொண்டிருக்கும்போதே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பார்த்த அந்தத் தூக்கம் நிம்மதியான தூக்கமாக இருந்திருக்காது.

சிஓபிடி நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் போவதை உடலே குறைத்து வைத்திருக்கும். ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அந்த ரத்தக்குழாய்கள் மறுபடி விரிந்து, பலனில்லாத இடத்துக்கு ரத்தம் போகும். ஆக்சிஜன் நிரம்பிய ஹீமோகுளோபினால் கார்பன் டை ஆக்சைடை முன்போல் சுமக்கவும் முடியாது. 'மூச்சுவிடும் உந்துதல் போய்விடும்' என்று மட்டும் சொல்வார்கள், அது பாதிக்கதைதான்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சிஓபிடி என்று கருதப்பட்டு, மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆக்ஸிமீட்டர் 88 முதல் 92 வரை நிற்கும்படி அளந்து பெற்றவர்களில் 4 சதவீதம். சிஓபிடிக்கு இன்றும் இலக்கு அந்த 88–92தான். நிமோனியா, ஆஸ்துமா போன்றவற்றில், கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் இல்லாதவர்களுக்கு 94–98. அதனால் இந்தக் கட்டுப்பாட்டை எல்லா மூச்சுத்திணறலுக்கும் பொருத்திவிடாதீர்கள்.

மணிக்கட்டில் எடுத்தது தமனி ரத்தம், அதில் உள்ள ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மையை அளக்கும் ஏபிஜி பரிசோதனைக்காக. வலிக்கும், ஆனால் ஆக்ஸிமீட்டர் இதையெல்லாம் காட்டாது. மருந்து கொடுத்த பிறகும் பிஎச் (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் அதிகம்) 7.35க்குக் கீழேயும் கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலேயும் இருந்தால் பைபாப் தேவைப்படும். நீங்கள் பார்த்த மாஸ்க் அதுதான். மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் கொடுத்து, களைத்துப்போன மூச்சுத் தசைகளுக்குக் கை கொடுக்கும். முதல் சில நிமிடங்கள் பலரும் பயந்து பிடுங்கப் பார்ப்பார்கள். அனுபவமுள்ள நர்ஸ் உடனே பட்டையை மாட்டாமல் மாஸ்க்கைக் கையாலேயே முகத்தில் பிடித்து, மூச்சு இயந்திரத்தோடு ஒத்துவந்த பிறகுதான் கட்டுவார். உறவினர்கள் பக்கத்தில் நின்று தைரியம் சொல்லலாம். நீங்களாகத் தண்ணீர் மட்டும் கொடுக்காதீர்கள், புரையேறினால் ஆபத்து.

ஒரு மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பிஎச் ஏறினால் நல்லது. தொடர்ந்து இறங்கினாலோ, நினைவு தப்பினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டர்தான். முதலிலேயே அதைப் போடாததற்குக் காரணம், குழாய் போனால் தொற்றும் சேர்ந்து வரலாம், எடுப்பதும் சிரமம்.

இனி வீட்டில் இப்படி ஆனால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அவரைச் சாய்த்துப் படுக்கவைக்காமல், முன்னால் குனிந்து உட்காரவையுங்கள். 1 அல்லது 2 லிட்டரில் தொடங்கி 88–92ல் நிறுத்தப் பாருங்கள். எட்டாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்களிடம் போனிலேயே கேட்டு ஏற்றுங்கள். அதிகமாக வைத்துவிட்டோம் என்று பதறி ஒரேயடியாக மூடிவிடாதீர்கள். ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடக் கீழே சரிந்துவிடும். தூக்கக்கலக்கம், உளறல், கையை நீட்டினால் பறவைச் சிறகுபோல் படபடப்பது ஆகியவை தெரிந்தால், மீட்டரில் என்ன எண் இருந்தாலும் அது அவசரம்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் இந்த முறை எடுத்த ஏபிஜி ரிப்போர்ட்டையும் சிலிண்டர் பக்கத்திலேயே வையுங்கள். ஆம்புலன்ஸில் ஏறியதும் "சிஓபிடி, போன தடவை பைபாப் போட்டார்கள்" என்று சொல்லுங்கள். நெபுலைசர் வைக்கும்போது முடிந்தால் காற்றில் ஓட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜனில் ஓட்டினால் அதற்கே 6 லிட்டருக்கு மேல் போய்விடும்.