வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒரே இரவில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்தாகுமோ என்ற ஒரே அச்சத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அந்த அச்சம் நியாயமானது என்பதால் அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதுகுவலிக்கு ஒருவர் டிரமடால் எழுதினார், படபடப்புக்கு இன்னொருவர் குளோனசெபாம் எழுதினார். இரண்டும் டாக்டர் கொடுத்ததுதானே, இதில் என்ன ஆபத்து?

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே சரியாக எழுதியிருக்கலாம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் சிக்கல். டிரமடால், கோடீன், மார்பின் எல்லாம் ஓபியாய்டு என்ற வலிநிவாரணி வகை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியை இவை மந்தமாக்கும். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் வேகமாக மூச்சு விடச் சொல்லி உடம்பே நம்மைத் தூண்டும். ஓபியாய்டு அந்தத் தூண்டுதலையே குறைத்துவிடும். குளோனசெபாம், அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபின்கள் வேறு வழியில், மூளையில் நரம்புகளைத் தணிக்கும் வேதிப்பொருளான காபாவின் அடக்கும் வேலையைக் கூட்டுகின்றன. விழிப்பு குறையும், தொண்டைத் தசை தளரும். இரண்டும் சேர்ந்தால், மூச்சு குறைவதும் தெரியாது, எழுந்திருக்கவும் முடியாது. அளவு மீறாமல், சீட்டில் எழுதியபடி சாப்பிட்டவர்களுக்கும் இது நேரலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல் இரண்டு வகை மருந்துகளின் விவரக்குறிப்பிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கேள்வி: ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போட்டால்?

பதில்: பல மருந்துகளுக்கு அது பலிக்காது. டயசெபாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். வலிக்குத் தோலில் ஒட்டும் ஓபியாய்டான ஃபென்டானில் ஒட்டுப்பட்டையைக் கழற்றிய பிறகும் தோலில் தங்கிய மருந்து பல மணி நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பட்டையின் மேல் சூட்டு ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும்.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய். வலிக்கு மார்பின், இரவில் லோரசெபாம். படித்ததும் பயந்துவிட்டேன். லோரசெபாமை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல வாரங்களாகச் சாப்பிட்ட பென்சோடயசெபினைத் திடீரென்று விட்டால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரை போகலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் வேகத்தில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் எல்லாம் சேர்ந்திருக்கும்போது தெரிந்தே இரண்டையும் தருவதும் உண்டு, அதில் தவறில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது அம்மாவின் சிறுநீர். வாந்தி, பேதி, நீர் குறைவு என்று சிறுநீரகம் சோர்ந்தால் மார்பினிலிருந்து உருவாகும் வீரியமான கழிவுப்பொருள் உடம்பில் தேங்கும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட அளவு இன்று அதிகமாகிவிடலாம். வழக்கத்தைவிடத் தூங்கி வழிந்தால் அடுத்த வேளை மாத்திரையைத் தரும் முன் மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: தூங்குகிறாரா, ஆபத்தில் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ‘நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்’ என்று அழுதபடி சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புதிதாக வரும் பலத்த குறட்டையும், தொண்டையில் களகளவென்று கேட்கும் சத்தமும் அபாய அறிகுறி. பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தோளை உலுக்குங்கள். எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ இருக்கிறது, கண்ணின் கருமணி குண்டூசி முனை அளவு சுருங்கியிருக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். இவை எல்லாமே தெரிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் ஆம்புலன்ஸ்காரர்கள் தொலைபேசியில் சொல்வதுபோல் செயற்கை சுவாசம், நெஞ்சழுத்தம் தொடங்குங்கள். கையில் நலாக்சோன் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அது ஓபியாய்டை மட்டுமே எதிர்க்கும், பென்சோடயசெபினைத் தொடாது. ஆனாலும் உயிரைக் காக்கும். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால் கண் விழித்துப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

கேள்வி: கொஞ்சமாக மது?

பதில்: கூடாது. ஒரு வாய்கூட.

கேள்வி: வேறு எந்த மருந்துகளைச் சொல்ல வேண்டும்?

பதில்: நரம்பு வலிக்குத் தரும் பிரகாபலின், காபாபென்டின். தூக்கத்துக்கான சோல்பிடம். தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரை. கோடீன் கலந்த இருமல் மருந்து. அதுவே ஓபியாய்டுதான், பலருக்கு இது தெரிவதில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், இடையில் சில வாரங்கள் ஓபியாய்டை விட்டிருந்தால் பழைய அளவில் மறுபடி தொடங்காதீர்கள். உடம்பு பழகியிருந்த தாங்கும் சக்தி அதற்குள் போயிருக்கும். எவ்வளவில் தொடங்குவது என்று முதலில் கேளுங்கள்.