ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன்: சர்வர் அறைக் கேள்வி பதில்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டது. 40 ஜிபி பிடித்திருந்த ஒரு லாக் ஃபைலை அழித்தேன். ஃபைல் போய்விட்டது, ஆனால் டிஎஃப் கட்டளை இன்னமும் 100 என்றே காட்டுகிறது. டியூ போட்டுக் கூட்டினால் 40 ஜிபி குறைவாக வருகிறது. எதை நம்புவது? சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிடட்டுமா?
– இரவுப் பணியில் இருக்கும் வாசகர்

பதில்: வேண்டாம், பொறுங்கள். இரண்டு கணக்கும் சரிதான். டியூ ஒவ்வொரு அடைவாகப் போய், பெயர் உள்ள ஃபைல்களை மட்டும் கூட்டுகிறது. டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடம் கணக்குக் கேட்கிறது. நீங்கள் அழித்தது அந்த ஃபைலின் பெயரை. அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் பிடியை விடும்வரை அந்த 40 ஜிபி டிஸ்க்கில் பெயரில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கூட்டல் குறி, பெரிய எல், 1 மூன்றையும் ஒட்டி எழுதுங்கள். பெயர் அழிந்தும் திறந்தே இருக்கும் ஃபைல்களின் பட்டியலும், அவற்றைப் பிடித்திருக்கும் புரோசஸ் எண்ணும் வந்துவிடும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். அதையும் நிறுத்த முடியாத நேரம் என்றால், ப்ராக் அடைவுக்குள் அந்தப் புரோசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் பட்டியலின் எஃப்டி பத்தியில் கண்ட எண் என்று போய், அந்த ஃபைலை ட்ரங்கேட் கட்டளையால் பூஜ்ஜியம் ஆக்கலாம். லாக் ஃபைலுக்கு மட்டும்தான் இந்த வழி. டேட்டாபேஸ் ஃபைலில் இதைச் செய்தால் அழுது பயனில்லை. எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

இன்னொரு சங்கதி. இடம் மிச்சம் இருக்கும்போதே "இடம் இல்லை" என்று சர்வர் சொன்னால், டிஎஃப் கட்டளையோடு சின்ன ஐ சேர்த்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்றாக ஒதுக்கப்படும் பதிவு) எண்ணிக்கையைப் பாருங்கள். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. யாரும் துடைக்காத செஷன் ஃபைல்கள், அனுப்பப்படாமல் குவிந்த மெயில்கள் என்று லட்சக்கணக்கில் சேர்ந்தால் அது தீர்ந்துபோகும். அதே எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 4 டிபி டேட்டா பார்ட்டிஷனில் அது 200 ஜிபி! டியூன்2எஃப்எஸ் கொண்டு அங்கே அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மேடம், எங்களிடம் எட்டு டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்த ரெய்டு 5 இருக்கிறது. ஒன்றில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. புது டிஸ்க் கையில் தயார். "ஓடும்போதே உருவி மாற்றலாமே, உடனே மாற்று" என்கிறார் மேலாளர். மாற்றிவிடலாமா?
– வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன வாசகி

பதில்: மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன் ஒரு மணி நேர வேலை இருக்கிறது. மேலாளரிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

முதலில் பேக்கப். நேற்று முடிந்ததா என்று ரிப்போர்ட்டில் பார்ப்பதோடு நிற்காமல், அதிலிருந்து ஒரு ஃபைலை வேறோர் இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும். உங்களுக்கு அந்த ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. புதியதைச் செருகியதும் டிஸ்க்குகளை ஆளும் கன்ட்ரோலர் மீதி ஏழு டிஸ்க்குகளையும் ஆதியோடந்தமாகப் படித்துத்தான் எட்டாவதை எழுதும். பல மாதங்களாக யாருமே தொடாத பகுதிகள் அப்போதுதான் படிக்கப்படும். சாதாரண சாட்டா டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10-இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் திருத்த முடியாத பிழை ஒன்று வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 12.5 டிபி. நடைமுறையில் பெரும்பாலான டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் 4 டிபி டிஸ்க்குகள் ஏழு என்றால் 28 டிபி படிக்க வேண்டியிருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

அதனால் மீதி ஏழின் உடல்நிலையைப் பாருங்கள். டிஸ்க் தன்னைத்தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் விவரத்தில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகள் முக்கியம்: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், தீர்ப்புக்குக் காத்திருப்பவை, திருத்தவே முடியாதவை. சாஸ் டிஸ்க் (சர்வர்களுக்கான இன்னொரு வகை) என்றால் க்ரோன் டிஃபெக்ட், அதாவது பயன்பாட்டில் புதிதாகக் கெட்ட இடங்களின் எண்ணிக்கை. ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகள் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளைக்கு நேரடியாகத் தெரியாது. கன்ட்ரோலர் வகையையும் டிஸ்க் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 197இல் பூஜ்ஜியம் தவிர வேறு எண் எந்த டிஸ்க்கிலாவது இருந்தால், புது டிஸ்க்கை எழுதி நிரப்பும் ரீபில்டைத் தொடங்கும் முன் டேட்டா முழுவதையும் வேறிடத்துக்கு நகல் எடுங்கள்.

ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்டியிலும் இது உண்டு. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனமே ஓர் எச்சரிக்கை விட்டது: சில சாஸ் எஸ்எஸ்டிகள், டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று. 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒன்றாகப் பொருத்திய டிஸ்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அந்தக் கணக்கைத் தொடும் என்றால், ரெய்டு என்ன செய்யும்? ஃபர்ம்வேர் அறிவிப்புகளைப் படிக்க மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இனி உருவுவது. இங்கேதான் நான் அடிபட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கன்ட்ரோலர் மென்பொருள் "ஸ்லாட் 3 பழுது" என்றது. பெட்டியின் முகப்பில் 3 என்று ஒட்டியிருந்த டிஸ்க்கை உருவினேன். மென்பொருள் 0 முதல் எண்ணியது, ஸ்டிக்கரை ஒட்டியவர் 1 முதல் எண்ணியிருந்தார். நல்ல டிஸ்க் என் கையில், பழுதானது பெட்டியில். அந்த நொடியே டிஸ்க்குகள் எல்லாம் சேர்ந்த வால்யூம் அணைந்தது. கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

உருவிய டிஸ்க்கை அதே ஸ்லாட்டில் செருகினேன். "ஃபாரின் கான்ஃபிகரேஷன், இம்போர்ட்டா கிளியரா?" என்று திரையில் கேள்வி வந்தது, அதாவது டிஸ்க்கில் உள்ள ரெய்டு விவரத்தை ஏற்பதா, அழிப்பதா என்று. தொலைபேசியில் இருந்த சீனியர், "ஒரு பொத்தானையும் தொடாதே, சீரியல் எண்ணைப் படி" என்றார். படித்தேன். "இது இப்போது நீ உருவிய டிஸ்க்தானே? உருவியதும் வால்யூம் நின்றுவிட்டதா, இல்லை ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் உயிர்நாடி. வால்யூம் உடனே நின்றுவிட்டால், உருவிய டிஸ்க்கில் இருப்பது மற்றவற்றோடு ஒத்துப்போகும், இம்போர்ட் செய்யலாம். வால்யூம் ஓடிக்கொண்டிருந்து, நாள் கணக்கில் வெளியே இருந்த டிஸ்க்கை இம்போர்ட் செய்தால் பழைய டேட்டா புதியதோடு கலந்து எல்லாம் கெட்டுப்போகும். எங்களுடையது நின்றிருந்தது, பிழைத்தோம். நினைவில் இருக்கட்டும்: இந்த நிலையில் "கிளியர்", "இனிஷியலைஸ்" என்ற சொற்கள் எங்கே கண்டாலும் கையை எடுத்துவிடுங்கள்.

ஆகவே நீங்கள் மென்பொருளில் அந்த டிஸ்க்கின் லொகேட் விளக்கைச் சிமிட்ட வையுங்கள். சீரியல் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, உருவியதும் டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். புது டிஸ்க் பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ரீபில்ட் முடியும்வரை அந்த சர்வரில் கனமான வேலை எதையும் போடாதீர்கள்.

கேள்வி: விஎம்வேரில் ஒரு விஎம்முக்கு (மெய்நிகர் கணினிக்கு) ஐந்து மாதத்துக்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்து மறந்துவிட்டோம். இப்போது டெலிட் கொடுத்தால் ஒரு சதவீதத்திலேயே மூன்று மணி நேரமாக நிற்கிறது. ஹோஸ்டை, அதாவது விஎம்கள் ஓடும் நிஜ சர்வரை, ரீபூட் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இதைவிட அழுத்தமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே நிறுத்தப்பட்டு, அதன்பின் எழுதுவதெல்லாம் டெல்டா ஃபைலுக்குப் போகிறது. "டெலிட்" என்ற பெயர்தான் குழப்புகிறது. உண்மையில் நடப்பது ஐந்து மாத டெல்டாவை மூலத்தோடு சேர்க்கும் வேலை. திரையில் தெரியும் சதவீதத்தை நம்பாதீர்கள். விஎம் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடமான டேட்டாஸ்டோரின் வாசிப்பு, எழுத்து வேகத்தைப் பாருங்கள். ஓட்டம் இருந்தால் வேலை நடக்கிறது, விட்டுவிடுங்கள். ஆட்கள் குறைந்த நேரத்தில் வேகம் பிடிக்கும். முடியும் தருவாயில் விஎம் சில நொடிகள் உறைந்து நிற்கலாம், பயப்பட வேண்டாம்.

டேட்டாஸ்டோரில் காலியிடம் எவ்வளவு என்று அடிக்கடி பாருங்கள். சேர்க்கும் நேரத்திலும் புதிதாக எழுதுவதற்கு இடம் வேண்டும். போதாது என்று தோன்றினால் வேறொரு விஎம்மை அங்கிருந்து நகர்த்துங்கள்.

ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வந்தால், பேக்கப் மென்பொருள் ஓடும் விஎம்மின் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். பாதியில் நின்ற பேக்கப், உங்கள் விஎம்மின் டிஸ்க்கைத் தன்னோடு மாட்டிக்கொண்டு விடாமல் இருக்கக்கூடும். அதை அங்கிருந்து நீக்கும்போது "டிஸ்க்கிலிருந்தும் அழி" என்ற தேர்வைத் தொட்டுவிடாதீர்கள், அழிவது உங்கள் மூல ஃபைல். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது விஎம்வேரே தந்த அறிவுரை. பேக்கப்புக்கு மாற்றாகவும் அதை நினைக்காதீர்கள், மூல ஃபைல் போனால் டெல்டாவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஒரு விஎம் மெதுவாக இருந்தது. அதன் விசிபியுவை (மெய்நிகர் சிபியுவை) 4இலிருந்து 12 ஆக்கினோம். இன்னும் மெதுவாகிவிட்டது! எப்படி?

பதில்: ஹோஸ்டின் சிபியுவில் உண்மையான கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) எத்தனை என்று எழுதவில்லையே. அதுதான் விடை. விசிபியு என்பது கோருக்காக வரிசையில் நிற்கும் ஆள். ஆட்களைக் கூட்டினால் வரிசைதான் நீளும்.

விஎம்வேரின் விஸ்பியரில் சிபியு ரெடி என்ற அளவைப் பாருங்கள். ரியல்டைம் வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் 20 நொடிக்கு உரியது, அதாவது 20,000 மில்லிநொடி. ஒரு விசிபியுவுக்கு 2,000 காட்டினால் 10 சதவீத நேரம் சும்மா காத்திருந்தது என்று பொருள். மொத்த விஎம்முக்கான எண் என்றால் விசிபியு எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம் தாண்டினால் நான் கவலைப்படத் தொடங்குவேன். ஒரே விஎம்மின் விசிபியுக்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்ற நேரமான கோ-ஸ்டாப் அளவும் ஏறியிருந்தால் விசிபியுவைக் குறைத்துப் பாருங்கள். விஎம்வேர் இல்லை, லினக்ஸின் கேவிஎம் என்றால் விஎம்முக்குள்ளேயே டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண் இதைச் சொல்லிவிடும்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தபின் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டு சரி, நெட்வொர்க் சரி. லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒரு விஎம்.

பதில்: கடிகாரத்தைப் பாருங்கள். லாகினில் ஆளை உறுதிசெய்யும் கெர்பரோஸ் முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்வரைதான் பொறுத்துக்கொள்ளும். ஹோஸ்டின் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போனதும் அதன் கடிகாரம் பழைய தேதிக்குப் போகும். டொமைன் கன்ட்ரோலர் எழுந்ததும் நேரத்தை ஹோஸ்டிடம் கேட்டு அதையே நம்பும். ஹோஸ்டோ நேரத்தை அந்த டொமைன் கன்ட்ரோலரிடமே கேட்கும்படி அமைத்திருப்பார்கள். குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் கதை. வெளியே உள்ள, நேரம் சொல்லும் என்டிபி சர்வர் ஒன்றை ஹோஸ்டுக்குக் கொடுங்கள். டொமைன் முழுவதுக்கும் நேரம் தரும் டொமைன் கன்ட்ரோலரான பிடிசி எமுலேட்டருக்கும் அப்படியே. விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளையிடம் சோர்ஸ் எது என்று கேட்டால், ஹைப்பர்-வியிலிருந்து நேரம் எடுக்கும் விஎம்மாக இருந்தால் "விஎம் ஐசி டைம்" என்று தொடங்கும் பெயர் வரும். அந்த ஒத்திசைவை டொமைன் கன்ட்ரோலருக்கு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நெட்வொர்க் வழியாக இணையும் புது ஐஸ்கசி ஸ்டோரேஜ். பிங் போகிறது, டார்கெட் தெரிகிறது, காப்பி செய்தால் தொங்கிவிடுகிறது.

பதில்: ஜம்போ ஃப்ரேம் (வழக்கமான 1500 பைட்டுக்குப் பதில் 9000 பைட் பொட்டலம்) போட்டிருக்கிறீர்கள்தானே? சின்ன பிங் எதையும் நிரூபிக்காது. விஎம்வேரின் விஎம்கேபிங் கட்டளையில் துண்டாக்க வேண்டாம் என்ற தேர்வோடு 8972 பைட் அனுப்புங்கள். 9000இலிருந்து ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 போக மிச்சம் அது. அது போகாவிட்டால் வழியில் ஏதோ ஒரு ஸ்விட்ச் போர்ட் 1500லேயே நிற்கிறது. எல்லா இடத்திலும் சரிசெய்ய முடியாதென்றால் எல்லாவற்றையும் 1500க்கே கொண்டுவாருங்கள். பெரும்பாலான இடங்களில் அந்த வேக வித்தியாசத்துக்காக இந்த அவஸ்தை தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் சர்வரில் லோட் ஆவரேஜ் 60. ஆனால் சிபியு 90 சதவீதம் சும்மா இருக்கிறது. ஏன்?

பதில்: லினக்ஸில் லோட் கணக்கு சிபியுவுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் ஃபைல் பகிர்வான என்எஃப்எஸ்ஸுக்காகவோ எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடப்பவற்றையும் சேர்த்து எண்ணும். புரோசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் நிலை என்ற பத்தியில் டி என்று இருப்பவற்றை எடுங்கள். எல்லாம் ஒரே மவுன்டைத் தொடுகின்றனவா? அந்த என்எஃப்எஸ் சர்வர் உயிரோடு இருக்கிறதா? உள்ளூர் டிஸ்க் என்றால் ரெய்டு கன்ட்ரோலரின் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் கன்ட்ரோலர் ரைட்-பேக்கை (கேஷில் எழுதியதுமே முடிந்தது என்று சொல்வதை) விட்டு ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதும்வரை காத்திருப்பதற்கு) மாறிவிடும், எழுதும் வேகம் படுத்துவிடும், விளக்கு ஒன்றும் எரியாமலும் போகலாம். உங்கள் கடிதத்தில் எந்த கன்ட்ரோலர், எத்தனை டிஸ்க், எந்த மணிக்கு இது தொடங்கியது என்பது எதுவும் இல்லை. ரீஸ்டார்ட் செய்யாமல் பிஎஸ், டிஸ்க் ஓட்டத்தைக் காட்டும் ஐஓஸ்டாட் இரண்டின் வெளியீட்டையும் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் முதல் கடிதமாக எடுத்துக்கொள்கிறேன்.