கடிபட்ட ஆமைக்கு மீன் மருந்து ஊற்றலாமா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் ஒரு மீன்தொட்டிக் கடையில் பிள்ளைகளுக்காக இரண்டு ஆமைக் குட்டிகள் வாங்கினோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். "இதுக்கு மேல வளராது, ஒரே தொட்டில விடலாம்" என்றார் கடைக்காரர். இப்போது பெரியது சின்னதின் பின்னங்காலையும் வாலையும் கடித்துவிட்டது. கடையில் மீனுக்கு ஊற்றும் நீல மருந்தைத் தந்தார்கள். ஊற்றலாமா? பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பதில்: ஊற்ற வேண்டாம். அது மீனுக்கு வரும் பூஞ்சைக்கானது, கடிகாயம் அதில் ஆறாது. மருந்துக்கு முன்னால் இன்னொரு தொட்டி வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பா கூடப் போதும். இரத்த வாசனை பட்ட ஆமை மறுபடி கடிக்கும். ஆறிய பிறகும் ஒன்றாக விடாதீர்கள்.

காயத்தைச் சலைனால் கழுவி, பொவிடோன் அயோடினை வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து ஒற்றி எடுங்கள். மஞ்சள்தூள், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். அப்புறம் ஈரமில்லாத சுத்தமான துணிமேல் வையுங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது சுத்தமான தண்ணீரில் விட்டு, அதிலேயே தீனி கொடுங்கள். இந்த ஆமையால் தண்ணீருக்குள்தான் இரையை விழுங்க முடியும்.

காய வைக்கிறேன் என்று மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள். மதுரை வெயிலில் நிழல் இல்லாத டப்பாவுக்குள் ஆமை சீக்கிரம் செத்துப்போகும். நம் ஊரில் ஈயும் பெரிய தொல்லை. புண்ணில் முட்டையிட்டால் புழு வைத்துவிடும். அதனால் டப்பாவைக் கொசுவலையால் மூடுங்கள். புழு வந்தால் மாட்டுக்கும் நாய்க்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யார் சொன்னாலும் போட விடாதீர்கள். ஆமைக்கு அது விஷம், உயிரே போய்விடும்.

எலும்பு தெரிந்தாலோ, வால் நுனி கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆமைக்குச் சீழ் நம்மைப் போல வழியாது, சமையலுக்குப் போடும் பன்னீர்க் கட்டி மாதிரி இறுகிவிடும். மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஊசியையும் அவர்தான் எடை பார்த்துப் போடுவார். ஆமை பார்த்துப் பழகியவரா என்று போனில் கேட்டுவிட்டுப் போனால் வீண் அலைச்சல் மிச்சம்.

சரி, பணம். உங்களுடையது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி ஆமை. பெண் ஆமை 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், 20 வருடத்துக்கு மேலும் வாழும். வளராது என்று சொல்லி விற்றது பொய். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பில் இல்லையென்றால் ஜிபே ரசீது, காயத்தின் படம், மருத்துவச் செலவுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். விலையைவிட மருத்துவச் செலவைக் கேட்பதுதான் நியாயம் என்பேன்.

ஒரு வேளை கடைக்காரர் பதிலுக்கு நட்சத்திர ஆமை தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். வளர்க்க முடியவில்லை என்று இவற்றை வைகையிலோ வண்டியூர் தெப்பக்குளத்திலோ விட்டுவிடவும் கூடாது. அங்கே நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் இவை பிடித்துக்கொள்ளும்.

ஆமையைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சால்மோனெல்லா கிருமி ஆமைத் தோலிலும் தொட்டித் தண்ணீரிலும் இருக்கும். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.